மூன்று குவளை சுண்ணாம்பு

ரந்தாவ்,
10 ஜனவரி 2024

ஷாமினிக்கு,

அண்ணன் எழுதுவது. 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கத்தான் தமிழ்ப்பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே நலமும் இல்லை, ஆவலும் இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

போன் பண்ணாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ வராத அம்மாவின் கருமாதி அன்று, அவர் படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினேன். இனிமேல் என் வாயால் உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று. சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கை இன்னும் ஆறவில்லை. நேற்று உன் அண்ணி மருந்து போட்டுக்கொண்டே சொன்னாள், "வாயாலதானே பேச மாட்டேன்னீங்க? கை என்ன பாவம் பண்ணுச்சு? எழுதுங்க லா." திலகாவுக்கு இந்த மாதிரி ஓட்டையெல்லாம் நன்றாகக் கண்ணில் படும்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் சாம்பலை நான் இன்னும் கரைக்கவில்லை. பானையைச் சிவப்புத் துணியில் கட்டி, வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். மழை பெய்கிறது என்று மேலே பிளாஸ்டிக் பையும் கட்டியாகிவிட்டது. போர்ட் டிக்சன் கடல் இங்கிருந்து அரைமணி நேரம். அன்றைக்கே போய்க் கரைத்திருப்பேன். ஆனால் படுக்கையில் விழுந்த பிறகு அம்மா திலகாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "என்னைய ரெண்டு பேரும் சேந்து கரைங்க." நீ வராமல் நான் என்ன செய்ய?

நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு உனக்குப் போன் பண்ணினேன். அம்மா இன்றைய நாளைத் தாண்டமாட்டார் என்று சொன்னேன். மாலை நாலரைக்கு உயிர் போனது. மறுநாள் மூன்று மணி வரை எடுக்காமல் வைத்திருந்தோம். நீ வரவில்லை. அதற்கு அப்புறம் ஆறு நாள் படகு இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஏன் வரவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுது. பதில் வரும்வரை பானை மரத்தில்தான் இருக்கும்.

புனிதன்

*

தீவு,
6 பிப்ரவரி 2024

அண்ணா,

உன் கடிதம் வந்துசேர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அரிசி மூட்டையோடு வந்தது, ஓரம் நனைந்திருந்தது. காயவைத்துப் படித்தேன்.

அன்றைக்குக் கடல் கொந்தளிப்பாக இருந்தது. அதனால் வர முடியவில்லை.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் அழவில்லை. அழுகை வரும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன், பிறகு அதை மறந்துவிட்டேன். ஆறு மணிக்கு எழுகிறேன். சாப்பிடுகிறேன். சோறு என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மழைக்காலத்தில் இந்தக் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று பேர்தான் இருப்போம். மற்ற இரண்டு பேரும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அது எனக்கு வசதியாக இருக்கிறது.

என் வேலை என்ன என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. எழுத வேறொன்றும் இல்லாததால் அதை எழுதுகிறேன். லாரி, பேக்டரி, மின்நிலையம் எல்லாம் விடுகிற கரும்புகை இருக்கிறதே, அதோடு கலந்து போகிற கரிவாயுவில் கால் பங்கைக் கடல் குடித்துவிடுகிறது. குடித்துக் குடித்துக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிப்புப் பக்கம் நகர்கிறது. பவளம் என்பது கல் இல்லை அண்ணா. அது உயிர். மொட்டு மாதிரி, நகத்தளவுகூட இருக்காது. ஒரு கிளையில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன் காலடியில் தானே வீடு கட்டும். அந்த வீடுதான் நாம் பார்க்கிற பாறை.

தண்ணீர் புளித்தால் கட்டுவதற்கான சரக்கு குறைந்துவிடும். ஆனாலும் அது உடனே நிறுத்தாது. தன் தோலுக்கு அடியில், கட்டுகிற அந்தச் சின்ன இடத்திலிருந்து மட்டும் புளிப்பை வெளியே இறைத்துக்கொண்டே கட்டும். படகில் ஓட்டை விழுந்தால் தண்ணீரை இறைத்துக்கொண்டே துடுப்புப் போடுவோமே, அப்படி. இருக்கிற தெம்பெல்லாம் அதிலேயே போய்விடும். வளர்வதற்கும் குஞ்சு பொரிப்பதற்கும் மிச்சம் இருக்காது. கட்டின வீடும் பொரி மாதிரி ஓட்டையாக இருக்கும், பெரிய அலை வந்தால் உடைந்துவிடும். தோட்டத்தில் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் பால் உறையும். இங்கே ஆசிட் உறைந்ததைக் கரைக்கிறது.

என்னிடம் மூன்று தொட்டிகள். முதல் தொட்டியில் இன்றைய கடல்நீர். இரண்டாவதில் வாயுவை விட்டு, இந்த நூற்றாண்டின் கடைசியில் கடல் எப்படி இருக்குமோ அந்த அளவுக்குப் புளிக்க வைத்திருந்தோம். மூன்றாவதில் அதைவிட இன்னும் அதிகம். மூன்றாம் தொட்டியில் கிளைகள் மெலிந்துகொண்டு வருகின்றன. தினமும் அளந்து எழுதுகிறேன்.

பானைக்கு மேல் பையை இறுக்கிக் கட்டாதே. உள்ளே வேர்க்கும்.

ஷாமினி

*

ரந்தாவ்,
3 மார்ச் 2024

ஷாமினி,

கடலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத் தெரிகிறது. அம்மாவைப் பற்றி ஒரு வரி, அதுவும் பொய்.

நான் தோட்டத்தில் மண்டோர், கங்காணி. பத்து வருஷமாக ஆட்களிடம் "ஏன் நேத்து வரல?" என்று கேட்கிற வேலை பார்க்கிறவன். காரணத்தை முகத்திலேயே கண்டுபிடிப்பேன். உன் முகம் தெரியாவிட்டாலும் எழுத்து தெரிகிறது. உங்கள் சாமான்கள் வந்து இறங்குகிற படகுத்துறையில் கடை வைத்திருக்கிற மலாய்க்கார மக்சிக்கிடம் அன்றைக்கே நான் போனில் கேட்டேன். "ஆடா பொட், புக்குல் துவா" என்றார். ரெண்டு மணிக்குச் சாமான் படகு இருந்தது. தீவிலிருந்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு வந்து கரை சேர்ந்தும் விட்டது. கொந்தளிப்பு அந்த நாலு பேருக்கு இல்லையா? உனக்கு மட்டும்தான் வந்ததா?

அந்தத் தொட்டிகள்தான் முக்கியம் என்றால் அதைச் சொல்லிவிட்டுப் போயேன். எனக்குக் கோபம் வரும், ஆனால் விளங்கும்.

அம்மாவுக்கு உன் வேலை என்னவென்று தெரியுமா? நீ போனில் சொன்னதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் தெரியுமா? கிளினிக்கில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்வார், "எம் மக கடலுக்குச் சுண்ணாம்பு போடுறா. நான் மரத்துக்குப் போட்டேன், அவ கடலுக்குப் போடுறா. ஒரே வேலைதான், அவளுக்கு மட்டும் ஏர்கான்." நர்ஸ் சிரித்துவிட்டாள். அம்மாவும் கூடவே சிரித்தார். நான்தான் வெட்கப்பட்டு வெளியே போய் நின்றேன்.

முப்பது வருஷம் செம்பனை மரத்துக்கு உரமும் சுண்ணாம்பும் வீசின கை. அள்ளி வீச அம்மா வைத்திருந்த அந்த மைலோ டின் இன்னும் இருக்கிறது. பாதியாக வெட்டி, ஓரத்தை மடித்து, பிடி வைத்தது. ஸ்டோரைச் சுத்தம் பண்ணும்போது கிடைத்தது. குப்பையில் போடப் போனேன், திலகா பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ராமகிருஷ்ணன் மாமா நேற்று வந்து, "மூணு மாசமா மரத்துல தொங்க விட்டிருக்கியே, பிள்ளைங்க அந்தப் பக்கம் போகப் பயப்படுது லா" என்றார். "நீங்க பயப்படுறீங்கன்னு சொல்லுங்க மாமா" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். உன்னால் எனக்கு ஊரெல்லாம் சண்டை.

உண்மையை எழுது. இல்லையென்றால் எழுதாதே.

புனிதன்

*

தீவு,
21 ஏப்ரல் 2024

அண்ணா,

கடலுக்குச் சுண்ணாம்பு போடுகிறாள் என்று அம்மா சொன்னதைப் படித்துவிட்டு நாள் முழுவதும் படுத்திருந்தேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நீ பத்து மணிக்குக் கூப்பிட்டாய். பத்தரைக்குப் பையைக் கட்டிவிட்டேன். இரண்டு சட்டை, ஒரு துண்டு. கிளம்புமுன் தொட்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனேன். இரண்டாம் தொட்டியில் வாயு வால்வு திறந்தபடியே சிக்கியிருந்தது. புளிப்பு எங்கேயோ ஏறிப்போயிருந்தது. இரண்டரை வருஷம் வளர்த்த கிளைகள். வால்வை மூடிவிட்டு, புதுக் கடல்நீரை மெதுவாக விட வேண்டும். அவ்வளவுதான். அரைநாளில் தானாகச் சரியாகியிருக்கும். மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவர்களே பார்த்திருப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம்.

அலமாரியில் சுண்ணாம்புத் தூள் டப்பா இருந்தது. அதைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்ததைத் துளித்துளியாக விடுவதற்கு வைத்திருந்தோம். நான் குவளையை எடுத்தேன். புளித்த மண்ணில் மரம் நிற்காது, சுண்ணாம்பு போடு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த காது. சனிக்கிழமைகளில் அம்மாவின் பின்னால் வாளி தூக்கிக்கொண்டு நடந்த கால். குவளை நிறைய அள்ளி, இடுப்பைத் திருப்பி, அரைவட்டமாக வீசினேன். அம்மா வீசுகிற மாதிரியே. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது குவளையில்தான் என் கை என்ன செய்கிறது என்று பார்த்தேன்.

தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது. புளிப்பிலிருந்து காரத்துக்கு ஒரே தாவல். எந்த உயிரும் தாங்காது. ஒரு மணி நேரத்தில் பவளம் சளி சளியாகக் கக்கியது. தோல் உரிந்து தண்ணீரில் மிதந்தது. நான் வாளியால் மொண்டு கொட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு மணிக்குப் படகின் ஹாரன் கேட்டது. மூன்று தடவை அடித்தார்கள். எனக்காகத்தான்.

பவளத்தைக் காப்பாற்றத்தான் நின்றேன் என்று சொன்னால் நீ நம்புவாய், ஏனென்றால் உனக்கு என்மேல் அந்தக் கோபம்தான் இருக்கிறது. அது இல்லை அண்ணா. இரண்டு மணிக்கு முன்பே எல்லாம் செத்துவிட்டிருந்தது. மொண்டு கொட்ட ஒன்றுமில்லை. எனக்குப் பயம். படகில் ஏறினால் அம்மா செத்துப்போவார், வாளியோடு நின்றால் அம்மா இன்னும் வீட்டில் படுத்திருக்கிறார். அப்படித்தான் இருந்தது. ஹாரன் நின்றதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குப் பிறகு எனக்கு ஒன்றுமே இல்லை, இன்றுவரை.

நிலையத்து அறிக்கையில் 'வால்வு பழுது' என்று எழுதினேன். உனக்குக் 'கடல் கொந்தளிப்பு' என்று எழுதினேன். போன வாரம் எங்கள் தலைவரிடம் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். திட்டினார். திட்டும்போது அவர் வாய் அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தொட்டியில் இப்போது கிளை எதுவும் இல்லை. சுண்ணாம்பு முழுக்கக் கரைந்துவிட்டது. ஆனால் மொட்டுகள் சாகவில்லை. வீடு இல்லாமல், வெறும் சதையாக, பாறைத் துண்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லா வகையும் இப்படிச் செய்யாது, ஒரு சில வகைதான். இரை போட்டால் தின்கின்றன. விரல் நிழல் பட்டால் சுருங்குகின்றன. கட்டுவதை மட்டும் விட்டுவிட்டன. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உண்மை இவ்வளவுதான். பானையை நீயே கரைத்துவிடு. நான் வரத் தகுந்தவள் இல்லை.

ஷாமினி

*

ரந்தாவ்,
30 ஜூன் 2024

ஷாமினி,

இரண்டு மாதம் எழுதவில்லை. உன் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்து, ஒருமுறை துவைத்தும் போய்விட்டது. திலகா இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

முதலில் படித்தபோது வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். ரம்புத்தான் மரத்தைப் பார்த்துத்தான் திட்டினேன், வேறு யார் இருக்கிறார்கள்? அப்புறம் அந்த வீச்சைப் படித்தேன். இடுப்பைத் திருப்பி, அரைவட்டமாக. ஐயோ, அதை நீ பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்றே எனக்குத் தெரியாது. நான் ஆண்பிள்ளை என்று என்னை அந்த வேலைக்கு அம்மா கூப்பிட்டதில்லை.

நானும் ஒன்று எழுத வேண்டும். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அம்மா போனபோது நான் பக்கத்தில் இல்லை. உனக்குப் போன் பண்ணிவிட்டு நேராக வேலைக்காட்டுக்குப் போனேன். செம்பனைக் குலை ஏற்ற லாரி வந்திருந்தது. என்னை விட்டால் ஆள் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆள் இருந்தது. மூன்றரைக்குத் திலகா போன் பண்ணி, "மூச்சு ஒரு மாதிரி வாங்குது, வாங்க" என்றாள். "லாரியை அனுப்பிட்டு வரேன்" என்றேன். லாரி நாலு மணிக்கே போய்விட்டது. நான் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன், சாவியைப் போட்டேன், கிளப்பவில்லை. வரிசையாக மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நீ கடலுக்கு அந்தப் பக்கம். நான் பன்னிரண்டு நிமிடம். இதில் யார் பெரிய யோக்கியன்?

சூடத்தை அணைத்தபோது, கடைசி நேரத்தில் நான் வராததை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். திலகாவுக்குத் தெரியும். இன்றுவரை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பானைக்குப் புதுக் கயிறு மாற்றினேன். பையைத் தளர்த்திக் கட்டியிருக்கிறேன், நீ சொன்ன மாதிரி. கயிறு மாற்றும்போது ஒன்று தோன்றியது. எலும்பும் சுண்ணாம்புதானே? அம்மாவைக் கடலில் கரைத்தால், அங்கே இருக்கிற பவளத்துக்கு ஏதாவது ஆகுமா? கொஞ்சமாவது? படித்தவள் நீதான், சொல். போர்ட் டிக்சன் பக்கம் பவளம் இருக்கிறது என்று மீன்காரன் சொன்னான்.

மூன்றாம் தொட்டி என்ன ஆயிற்று?

அண்ணன்

*

தீவு,
15 செப்டம்பர் 2024

அண்ணா,

முதலில் நீ கேட்டதற்குப் பதில். ஆகாது. எலும்பில் இருக்கிற சரக்கு வேறு வகை, பவளம் அதை எடுத்துக் கட்டாது. கட்டினாலும் கடல் பெரிது. ஒரு பானை சாம்பலால் அதன் புளிப்பு இம்மி குறையாது. ஆகும் என்று எழுதியிருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்கும். ஏற்கெனவே ஒரு பொய் எழுதியாயிற்று, அது போதும்.

நீ மோட்டாரில் உட்கார்ந்திருந்ததைப் படித்தேன். உன்மேல் கோபம் வரவேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஓரிடத்தில் சும்மா நின்றிருக்கிறோம். அம்மா தனியாக இல்லை, அண்ணி இருந்தார். அண்ணிக்கு நான் நன்றி சொன்னதே இல்லை, நீ சொல்லிவிடு.

ஜூலையில் மூன்றாம் தொட்டியின் வாயுவை நிறுத்தி, சாதாரணக் கடல்நீருக்குக் கொண்டுவந்தோம். மெதுவாக, இருபது நாள் எடுத்துக்கொண்டு. இந்த முறை என் கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றேன். ஆகஸ்டு முழுக்க ஒன்றுகூடக் கட்டவில்லை. பாதிக்கு மேல் செத்துப்போயின. மிச்சம் நாற்பத்தொன்று. போன செவ்வாய்க்கிழமை பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஒன்றின் காலடியில் வெள்ளையாக ஒரு கோடு. நூல் அளவு. தூசியோ என்று துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. கட்டத் தொடங்கிவிட்டது. மறுபடி பழைய கிளை ஆகுமா என்று தெரியாது. வெளியே கடலில் யாரும் வாயுவை நிறுத்தப் போவதில்லை என்பதும் தெரியும்.

மழைக்காலத்தில் படகு நிற்பதற்கு முன் மூன்று நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். வரட்டுமா? நீ சத்தியத்தை உடைக்க வேண்டாம். பேசாமலே கரைக்கலாம். பானையைப் பிடிக்க வாய் எதற்கு?

ஷாமினி

*

ரந்தாவ்,
8 அக்டோபர் 2024

ஷாமினி,

நவம்பர் 3, ஞாயிறு. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். நமக்கு இந்த வருஷம் தீபாவளி இல்லை, அதனால் வேலை எதுவும் கிடையாது. சனிக்கிழமை சிரம்பான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். நீல சட்டை. மறந்திருப்பாயோ என்று எழுதினேன்.

நான் பேச மாட்டேன். அதற்காக முறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அண்ணன்

*

தீவு,
4 நவம்பர் 2024

அண்ணா,

கடைசிப் படகில் வந்து சேர்ந்தேன். இனி ஜனவரி வரை சாமான் படகு மட்டும்தான், அதுவும் கடல் விட்டால். இந்தக் கடிதம் நான் வந்த படகிலேயே திரும்பிப் போகிறது.

சனிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு மத்தியானம் வரை நீ பேசவில்லை. காரில் பானையை என் மடியில் வைத்தாய். போர்ட் டிக்சனில் முட்டியளவு தண்ணீரில் நின்று நீ முடிச்சைத் தேடினாய். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை அவிழ்த்ததும் அண்ணி கரையிலிருந்து ஓடிவந்து அந்த மைலோ டின்னை என்னிடம் நீட்டினார். உன்னைப் பார்த்தேன். நீ தலையாட்டினாய்.

முதல் குவளையை நான் வீசினேன். இரண்டாவதையும் நான்தான். மூன்றாவதை உன்னிடம் கொடுத்தேன். உனக்கு வீசத் தெரியவில்லை. அப்படியே காலடியில் கொட்டினாய், பாதி உன் வேட்டியில் ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிடலாமா கூடாதா என்று தெரியாமல் நீ நின்றாயே, அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பத்து நிமிடம்கூட இல்லை. ஆனால் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டு நீ இறங்கிவிட்டாய். பஸ் நகர்ந்தது. நீ கூடவே நடந்தாய், அப்புறம் ஓடினாய், ஜன்னலைத் தட்டினாய். நான் கண்ணாடியைத் திறப்பதற்குள் கத்திவிட்டாய்: "எறங்கின ஒடனே போன் பண்ணு லா!"

கத்தியதும் நீ வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டதையும் பார்த்தேன்.

இறங்கினேன். போனைக் கையில் எடுத்தேன், பண்ணவில்லை. உன் சத்தியம் ஒருமுறை தவறி உடைந்ததா, நிஜமாகவே உடைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு இன்னும் பயம்தான்.

இது உன் கைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் நீ யோசித்துக்கொள். நவம்பர் 28 இந்த வருஷம் வியாழக்கிழமை வருகிறது. அன்று காலை பத்து மணிக்கு நான் கூப்பிடுகிறேன். போன வருஷம் நீ கூப்பிட்ட அதே நேரம். படகுத்துறைப் பலகையின் கடைசி வரை போனால் லைன் கிடைக்கிறது.

எடு அண்ணா. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் சாப்பிட்டாயா என்று கேள். நான் சாப்பிட்டிருப்பேன்.

ஷாமினி